செய்துகாட்டல்

வெள்ளைக் கோட்டு பரந்தன் சந்தியில் தைத்தது.
கூலி கம்பனி தந்தது, துணி என் செலவு.
பையில் இரண்டு பேனை குத்தச் சொன்னார்கள்.
ஒன்று எழுதாது.

முத்தையன்கட்டு இடதுகரை, மாதர் சங்கக் கட்டடம்.
தவணைப் புத்தகங்களால் விசிறிக்கொண்டு பெண்கள்.
மேசையில் இரண்டு கண்ணாடிக் குவளை:
ஒன்றில் அவர்களின் கிணறு,
மற்றதில் எங்கள் மிசின் வடித்த தண்ணீர்.

கம்பிகளை இறக்கி ஆளியைப் போடுவேன்.
"விஞ்ஞானம் பொய் சொல்லாது அம்மா" என்பேன்.
பயிற்சிக் கையேடு, பக்கம் ஒன்பது.
ஒரு நிமிடம்.
கிணறு முதலில் மஞ்சளாகும்,
பிறகு பாசி, பிறகு
குளம் வற்றினால் அடியில் கிடக்குமே, அந்தச் சேறு.
எங்கள் தண்ணீர்
ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும்.

"இதைத்தானே பிள்ளையளுக்குக் குடுக்கிறியள்."
இந்த இடத்தில் மூன்று வினாடி பேசக்கூடாது.
அதுவும் பக்கம் ஒன்பது.

உப்புள்ள நீரில் மின் ஓடும், வடித்த நீரில் ஓடாது.
சேறு கிணற்றிலிருந்து வருவதில்லை,
அனோட்டிலிருந்து வருகிறது.
இரும்பு கரைகிறது, அவ்வளவுதான்.
இரசாயனவியலில் எனக்குத் திறமைச் சித்தி.
ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் என்பது
ஒரு கதவில் எழுதியிருந்த சொல்.
உள்ளே நிவாரணத் தகரம் அடுக்கியிருந்தது.
"அவதானம்: அனோட்டு தேய்வடைந்தது" என்று
காணாத ஒன்றை வடிவான கையெழுத்தில் எழுதிப்
புள்ளி வாங்கினேன்.
முதன்முதல் கண்ணால் கண்டது
வவுனியா விடுதி மண்டபத்தில், விற்பனைப் பயிற்சியில்.
கைதட்டினேன். மெய்யாகவே தட்டினேன்.
அவ்வளவு அழகு அது.

அன்று மூன்றாம் வரிசையிலிருந்து
தவமலர் எழும்பி வந்தா.
பழைய இரும்பு நிறுத்து வாங்குகிறவ.
குவளைக்குக் குனிந்து மணந்து பார்த்தா.
"தம்பி, இது தண்ணியின்ர ஊத்தை இல்லை.
கறள்.
பதினாலு வருசம் இரும்பு நிறுக்கிறன்.
உழவு மிசின் தகடு, பங்கர் மூடின தண்டவாளம்,
பேர் தெரியாத துண்டுகள்,
எல்லாம் மாரிக்கு இந்த நிறத்திலைதான் வடியும்."
கம்பிகளை உருவி வெளிச்சத்தில் பிடித்தா.
"ஒண்டு அப்பிடியே இருக்கு.
மற்றது இளைச்சுப்போச்சு. பாரன்."

பக்கம் ஒன்பதில் இதற்குப் பதில் இல்லை.
பக்கம் பத்து விலைப்பட்டியல்.
சனம் சிரித்தது. கதிரைகள் இழுபட்டன.
கோட்டுக்குள் முதுகு நனைந்தது.

எல்லாரும் போனபிறகு அவ போகவில்லை.
"கிட்னியைப் பழுதாக்கிறது எந்த நிறத்திலை வரும்?"
அவவின் மனிசனுக்கு
கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் கழுவுகிறார்களாம்.

"நிறம் இல்லை அக்கா. மணமும் இல்லை.
போத்தலிலை எடுத்து அனுப்பித்தான் பாக்கவேணும்."
"உந்த மிசின் அதை எடுக்குமோ?"
"எடுக்கும் எண்டு நினைக்கிறன்."
"நினைக்கிறன்" என்ற சொல் எங்களுக்குத் தடை.

"உதை முதலே சொல்லியிருக்கலாம்."
"சொன்னால் ஆர் வாங்குவினம்?"
அவ கொஞ்சநேரம் குவளையைப் பார்த்துக்கொண்டு நின்றா.
அடியில் படிந்தது போக மேலே தெளிந்திருந்தது கிணறு.

"எத்தினை தவணை?" என்று கேட்டா.

படிவம் நிரப்ப அவவின் கடைக்குப் போனேன்.
செப்புக்கம்பி நிறுக்கும் சின்னத் தராசை எடுத்து
என் கம்பிகளைத் தட்டுக்கொன்றாய் வைத்தா.
ஒரு பக்கம் தாழ்ந்தது. படிகளைப் போட்டுச் சரிபார்த்தா.
"பதினொரு கிராம் வித்தியாசம். எத்தினை ஊர்?"
"நாப்பத்தாறு."
கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன்.
எழுதுகிற பேனையைத் தேடி எடுத்து,
அவதானம் என்று ஒரு தலைப்பில்லாமல்
படிவத்தின் பின்பக்கம் அதைக் குறித்தேன்.

கம்பிகளைப் பேப்பரில் சுற்றித் திருப்பித் தந்தா.
"கம்பனியிட்டைப் புதுசு கேள்.
உது இன்னும் பத்து ஊருக்குத் தாங்காது."